மீண்டவர்களுக்கு நாம் சொல்லும் அறிவுரைகள்: ஒரு திறனாய்வு

அம்பத்தூரில் ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கான அறுவை, மருந்தேற்றம், கதிர்வீச்சு எல்லாம் முடிந்துவிட்டன. முடி மறுபடியும் வளரத் தொடங்கியிருக்கிறது. நலம் விசாரிக்க வருபவர்கள் ஆளுக்கொரு அறிவுரையை விட்டுச் செல்கிறார்கள். "சர்க்கரையைத் தொடாதே, அதுதான் புற்றுக்குத் தீனி" என்கிறார் பெரியம்மா. பக்கத்து வீட்டுக்காரர் கோதுமைப்புல் சாற்றைப் பரிந்துரைக்கிறார். "சோயா ஆகவே ஆகாது" என்று கைப்பேசியில் வந்த செய்தியைப் படித்துக் காட்டுகிறான் தங்கை மகன். "அந்தக் கையால் இனி ஒரு குடம்கூடத் தூக்காதே அண்ணி" என்கிறார் நாத்தனார். மருத்துவமனையில் கொடுத்த துண்டறிக்கையோ, தினமும் நடக்கவும், காய்கனி மிகுதியாக உண்ணவும், எடையைக் குறைக்கவும் சொல்கிறது.

இவர்களில் எவரும் கெட்ட எண்ணத்தோடு பேசவில்லை. ஆனால் பொன்னை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதுபோல, அறிவுரையையும் உரைத்துப் பார்க்கத்தானே வேண்டும்? அந்த அம்மா இன்னும் பல ஆண்டுகள் வாழப்போகிறவர். அவருடைய பணமும் உழைப்பும் மன நிம்மதியும் இந்த அறிவுரைகளுக்காகச் செலவாகப்போகின்றன. எவை தேறுகின்றன, எவை தேறவில்லை என்று பார்ப்போம்.

இந்தக் கேள்வி ஏன் இன்று எழுகிறது?

அடையாறு புற்றுநோய் நிலையம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் புற்றுநோய் என்றாலே முடிவு என்றுதான் மக்கள் எண்ணினர். 1980-களின் தொடக்கத்தில் சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு உருவானபோது, பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். இன்று அந்த இடத்துக்கு மார்பகப் புற்றுநோய் வந்துவிட்டது. அதே வேளையில், தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்து முறையாகச் சிகிச்சை பெற்றால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள். இதனால், முன்பு இல்லாத ஒரு பெரும் கூட்டம் நம்மிடையே தோன்றியிருக்கிறது: நோயிலிருந்து மீண்டு, சமையலறையிலும் தொழிற்பேட்டையிலும் பள்ளியிலும் வேலைக்குத் திரும்பிவிட்ட பெண்கள். "இனி எப்படி வாழ்வது?" என்று கேட்பவர்கள் அவர்கள்தான்.

உரைகல் எது?

முதலில் உரைகல்லைத் தெரிந்துகொள்வோம். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் கண்ட 2,987 செவிலியர்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளிவந்தது. வாரத்திற்கு 3 முதல் 5 மணி நேரம் இயல்பான வேகத்தில் நடப்பதற்கு ஈடான உழைப்புக் கொண்டவர்களிடையே, அசையாதிருந்தவர்களைக் காட்டிலும், இந்நோயால் ஏற்படும் இறப்பு ஏறக்குறையப் பாதியாக இருந்தது. படித்ததும் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் ஒரு நிமிடம் பொறுங்கள். நடந்ததால் அவர்கள் பிழைத்தார்களா? அல்லது பிழைக்கும் அளவுக்கு நலமாக இருந்ததால் நடந்தார்களா? உள்ளுக்குள் நோய் திரும்பத் தொடங்கியவர் களைப்பினால் நடப்பதைக் குறைத்திருக்கலாம் அல்லவா? ஆய்வாளர்களும் இதை அறிந்தே இருந்தார்கள். ஆகவே நோய் கண்டு இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகே நடையைக் கணக்கிட்டார்கள். அப்படியும் ஐயம் முற்றிலும் நீங்குவதில்லை.

ஐயத்தை நீக்க வேறொரு முறை உண்டு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் புதிய பழக்கத்தைக் கற்பித்து, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து இரண்டையும் ஒப்பிடுவது. யார் எந்தப் பிரிவு என்பதைக் குலுக்கலே தீர்மானிப்பதால், நலமானவர்களும் நலிந்தவர்களும் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பார்கள். இதுதான் கடினமான உரைகல். வாழ்க்கைப் பழக்கங்களில் சிலவே இதில் உரைக்கப்பட்டுள்ளன.

தட்டில் இருப்பது

உணவைப் பற்றி அமெரிக்காவில் இரண்டு பெரிய குலுக்கல் சோதனைகள் நடந்தன. அவற்றை அடுத்தடுத்து வைத்துப் படிப்பது மாணவர்களுக்கு நல்ல பாடம்.

முதல் சோதனையின் முடிவு 2006-இல் வந்தது. 2,437 பெண்கள். ஒரு பிரிவினருக்கு உணவு வல்லுநர்கள் நேரில் பழக்கி, உணவில் கொழுப்பைக் குறைக்கச் செய்தார்கள். சுமார் ஐந்து ஆண்டுகளில் நோய் திரும்பியவர்கள் அந்தப் பிரிவில் 9.8 விழுக்காடு, மற்றதில் 12.4 விழுக்காடு. இரண்டாம் சோதனையின் முடிவு 2007-இல் வந்தது. 3,088 பெண்கள். நாள்தோறும் ஐந்து பங்கு காய்கள், மூன்று பங்கு பழங்கள், காய்ச்சாறு, நார்ச்சத்து என்று தட்டு நிறைய ஏற்பாடு. ஏழு ஆண்டுகளுக்குமேல் கவனித்தார்கள். நோய் திரும்பியவர்கள் ஒரு பிரிவில் 16.7 விழுக்காடு, மற்றதில் 16.9 விழுக்காடு. அதாவது வேறுபாடே இல்லை.

ஒன்றில் பயன், மற்றொன்றில் பயனில்லை. ஏன் இப்படி? முதல் சோதனையில் கொழுப்பைக் குறைத்த பெண்களின் எடையும் மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.7 கிலோ குறைந்திருந்தது. இரண்டாம் சோதனையில் எடை குறையவில்லை. இதிலிருந்து ஒரு துப்புக் கிடைக்கிறது: காயின் எண்ணிக்கையைவிட எடைக்கே முக்கியம் மிகுதியோ? இதை முடிந்த முடிபாகக் கொள்ள முடியாது. முதல் சோதனையில் கண்ட வேறுபாடும் சிறியதே. ஆனால் இதற்கு உடலியலில் ஒரு காரணம் உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு கருமுட்டைப் பை ஓய்ந்துவிடுகிறது. ஆயினும் உடலில் ஈஸ்ட்ரோஜன் உற்பத்தி நிற்பதில்லை. கொழுப்புத் திசுவில் உள்ள அரோமட்டேஸ் என்னும் நொதி அதைச் செய்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலான மார்பகப் புற்றுகள் ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் வளர்பவை. கொழுப்புத் திசு பெருகினால் அந்தத் தூண்டுதலும் பெருகும்.

சரி, நம் தட்டுக்கு வருவோம். சென்னை நீரிழிவு ஆய்வு அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு, இந்தியர் உண்ணும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-இல் தெரிவித்தது. புரதத்தின் பங்கு 12 விழுக்காடுதான். காலையில் இட்லி, பகலில் சோறு, இரவில் தோசை என்று இருக்கும் வீட்டில் இது வியப்பல்ல. 2011 முதல் நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது; காய்கறிக்கோ காசு கொடுக்க வேண்டும். இந்த நிலையில் அயல்நாட்டு அறிவுரைகளைப் பார்த்து, நம் சந்தையில் அரிதான விலையுயர்ந்த பழங்களைத் துண்டறிக்கையில் அச்சிடுவதால் யாருக்குப் பயன்? மதுவைக் குறைப்பது அங்கே முக்கியமான அறிவுரை. நம் பெண்களில் பெரும்பாலோருக்கு அது தேவையே இல்லை. "இரண்டாம் முறை சோறு வாங்கும் இடத்தில் ஒரு கரண்டி சுண்டலோ பயறோ கீரையோ வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி சொன்னால், அது பட்டாபிராமிலும் பூந்தமல்லியிலும் நடக்கக்கூடிய காரியம்.

இனிப் பெரியம்மாவின் சர்க்கரை. நம் உடலில் ஒவ்வொரு செல்லும் குளுக்கோஸை எரித்தே வாழ்கிறது. புற்றுச் செல்கள் அதை மிகுதியாக உறிஞ்சுவதும் உண்மை. ஆனால் சர்க்கரையை அடியோடு நிறுத்தினாலும் இரத்தத்தில் குளுக்கோஸ் இல்லாமற் போவதில்லை. சோற்றிலிருந்து வரும், அதுவும் இல்லாவிட்டால் கல்லீரலே செய்துகொள்ளும். ஆகையால் புற்றைப் பட்டினி போடலாம் என்பது கற்பனை. சர்க்கரையைக் குறைப்பது நல்லதே. எடையும் நீரிழிவும் கட்டுக்குள் இருக்கும் என்பதே அதற்குக் காரணம். திருவிழாவன்று ஒரு கரண்டி பாயசம் குடித்துவிட்டு, "நோயைக் கூப்பிட்டுவிட்டேனோ" என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை.

சோயாவின் மீதான பழியும் நிலைக்கவில்லை. ஷாங்காய் நகரில் நோயிலிருந்து மீண்ட 5,042 பெண்களைக் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வில், சோயா உணவை மிகுதியாக உண்டவர்களிடையே இறப்பும் நோயின் மறுவரவும் குறைவாகவே இருந்தன. இதுவும் கவனித்துப் பார்த்த ஆய்வுதான். சோயா காப்பாற்றும் என்று இதைக்கொண்டு சொல்ல முடியாது. உணவாக உண்ணும் சோயா கெடுக்கும் என்ற அச்சத்துக்கு இடமில்லை என்று சொல்லலாம். கோதுமைப்புல் சாறு நோயின் மறுவரவைத் தடுக்கும் என்று காட்டிய சோதனை எதுவும் இல்லை.

எங்கே நடப்பது?

நடையைப் பற்றிய ஐயத்தை மேலே கண்டோம். 2025-இல் அதற்கு ஓரளவு விடை கிடைத்தது. பெருங்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 889 பேரைக் கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு மூன்று ஆண்டுகள் பயிற்சியாளரின் துணையோடு உடற்பயிற்சி. ஐந்து ஆண்டுகள் கழித்து நோயின்றி இருந்தவர்கள் அந்தப் பிரிவில் 80.3 விழுக்காடு; மற்றதில் 73.9 விழுக்காடு. இது பெருங்குடல் நோய்; மார்பக நோய்க்கு இதே அளவு பயன் என்று அப்படியே மாற்றி எழுதக் கூடாது. ஆனால் உடற்பயிற்சி நோயின் போக்கையே மாற்றக்கூடும் என்பதற்கு இது உறுதியான சான்று.

இந்தச் சோதனையில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த மற்றப் பிரிவினரை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடவில்லை. உடற்பயிற்சி, உணவு பற்றிய கைப்புத்தகங்களை அவர்களுக்கும் கொடுத்தார்கள்! அதாவது, அம்பத்தூர் அம்மாவின் கையில் நாம் கொடுத்தனுப்பும் துண்டறிக்கை இருக்கிறதே, அதைத்தான் அந்தச் சோதனையில் பயன் குறைந்த பிரிவுக்குக் கொடுத்தார்கள். பயன் கிடைத்தது, புத்தகத்தோடு ஒரு மனிதரும் துணைக்கு வந்த பிரிவுக்கு.

துணை இல்லாமல் நம் ஊரில் என்ன நடக்கிறது? தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் 14,227 பேரிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், 54.4 விழுக்காட்டினர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று தெரிந்தது. பொழுதுபோக்காக விளையாட்டோ நடையோ மேற்கொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. ஆண்களைவிடப் பெண்களிடம் நிலைமை மோசம். சோம்பல் என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடலாமா? திருவள்ளூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில் மாலை ஆறு மணிக்கு ஒருமுறை நடந்து பாருங்கள். லாரிகள், புழுதி, கடைகள் பிடித்துக்கொண்ட நடைபாதை, மழைக்காலத்தில் திறந்து கிடக்கும் வடிகால். தெருவிளக்கு எரியாத சந்தில் நாய்கள். மருந்தேற்றத்தால் பாதங்கள் மரத்துப்போன ஒருவர் அங்கே எப்படி நடப்பார்?

2023 நவம்பரில் தமிழக அரசு 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைப் பாதைகளை வகுத்து, "நடப்போம் நலம் பெறுவோம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்பது, வீட்டு வேலையை முடித்து அரை மணி நேரம் மட்டும் கிடைக்கும் பெண்ணுக்கு எட்டாத தொலைவு. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரியின் கரையைச் சீரமைத்து நடைபாதை அமைத்தது வேறு வகை. விளக்கும் உட்கார இடமும் கழிப்பறையும் உள்ள அத்தகைய இடம் ஒவ்வொரு பேட்டையிலும் இருந்தால், அது நூறு துண்டறிக்கைகளுக்குச் சமம். அதுவரை என்ன செய்வது? மொட்டை மாடியும், பள்ளி மைதானமும், கோயில் பிரகாரமும் நமக்கு இருக்கின்றன. வாரத்திற்கு 150 நிமிடங்கள் போதும். நாளொன்றுக்கு அதை இரண்டு மூன்றாகப் பகுத்துக்கொள்ளலாம்.

குடமும் கையும்

நாத்தனாரின் அறிவுரை நெடுங்காலம் மருத்துவர்களாலும் சொல்லப்பட்டது. அதன் அடிப்படை இது: அறுவையின்போது அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்துவிடுகிறார்கள். கையிலிருந்து திரும்ப வேண்டிய நிணநீரின் வழி அதனால் தடைப்படுகிறது. நீர் தேங்கிக் கை வீங்கலாம். பளு தூக்கினால் வீக்கம் வரும், அல்லது கூடும் என்று எண்ணினார்கள்.

2009-இல் இது உரைத்துப் பார்க்கப்பட்டது. ஏற்கெனவே கைவீக்கம் உள்ள 141 பெண்களைப் பிரித்து, ஒரு பிரிவுக்கு வாரம் இருமுறை படிப்படியாகப் பளு தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வீக்கம் கூடியவர்கள் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் வீக்கத்தின் தொல்லை முற்றியவர்கள் பயிற்சிப் பிரிவில் 14 விழுக்காடு. பயிற்சி இல்லாத பிரிவில் 29 விழுக்காடு! தசை சுருங்கி விரியும்போது நிணநீரைத் தள்ளிவிடுகிறது என்பதை எண்ணினால் இது புதிராகத் தோன்றாது. பலம் பெற்ற கை அன்றாட வேலையைத் தாங்குகிறது. முடக்கிவைத்த கை சிறு வேலைக்கே சோர்கிறது.

அதற்காக நாளைக்கே லாரித் தண்ணீருக்கு ஓடிப்போய்க் குடத்தைத் தூக்கிவிடாதீர்கள். நிறைந்த குடம் 15 கிலோ வரை இருக்கும். அந்தப் பெண்கள் மிகச் சிறிய எடையில் தொடங்கி, பயிற்சியாளரின் கண்காணிப்பில், அழுத்த உறை அணிந்து, பல வாரங்களில் முன்னேறியவர்கள். "தூக்காதே" என்பதும் தவறு. "தூக்கு" என்பதும் தவறு. "தூக்கப் பழகு" என்பதே சரி. அரைச் சொம்பு நீரில் தொடங்கலாம். சமையலில் வெட்டுக்காயமும் தீக்காயமும் அந்தக் கையில் படாமல் காப்பதும், பட்டால் உடனே கவனிப்பதும் இதனினும் முக்கியம். எலும்புக்கு நோய் பரவியவர்களும் இதயக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே எந்தப் பயிற்சியையும் தொடங்க வேண்டும்.

பட்டியலில் விடுபட்ட பழக்கம்

இத்தனை அறிவுரைகளிலும் ஒன்று காணாமற் போயிருப்பதைக் கவனித்தீர்களா? நாள்தோறும் ஒரு மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் உள்ள புற்றுக்கு ஐந்து ஆண்டுகள் டமாக்சிஃபென் உட்கொண்டால், முதல் 15 ஆண்டுகளில் அந்நோயால் ஏற்படும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்று பல குலுக்கல் சோதனைகளை ஒன்றுசேர்த்த ஆய்வு 2011-இல் காட்டியது. பத்து ஆண்டுகள் உட்கொள்வது இன்னும் நல்லது என்று 2013-இல் மற்றொரு சோதனை காட்டியது. மேலே கண்ட எந்த உணவுக்கும் எந்தச் சாற்றுக்கும் இவ்வளவு உறுதியான சான்று இல்லை. எனினும் உலகெங்கும் பலர் இடையிலேயே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். உடல் தேறிவிட்டது என்ற எண்ணம், உடல் அனல், மூட்டு வலி, மருத்துவமனைக்குப் போய்வர ஒரு நாள் கூலி இழப்பு என்று காரணங்கள் பல. சாற்றுக்குச் செலவழிக்கும் வீட்டில் மாத்திரை தீர்ந்துபோய் வாரக்கணக்காகக் கிடப்பதும் உண்டு.

லெட்ரசோல் போன்ற மாத்திரைகளால் வரும் மூட்டு வலிக்கும் உடற்பயிற்சி உதவுகிறது. 121 பெண்களிடம் நடத்தி 2015-இல் வெளியான சோதனையில், பயிற்சி செய்தவர்களின் கடுமையான மூட்டு வலி 29 விழுக்காடு குறைந்தது, மற்றவர்களுக்குக் குறையவில்லை. இதே மாத்திரைகள் எலும்பையும் மெலியச் செய்கின்றன. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. நம் பாட்டிமார் காய்ச்சிய கூழுக்கு இங்கே ஒரு வேலை உண்டு. ஆக, நடையும் கூழும் மாத்திரையின் இடத்தைப் பிடிக்க வந்தவை அல்ல. மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்ள நமக்குத் துணை நிற்பவை. ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய மாமோகிராம் படத்தையும் இந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யார் மீது பழி?

இறுதியாக ஒரு பெருங்குறை. நல்ல பழக்கங்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சொல்லாமல் சொல்லப்படும் ஒன்று இருக்கிறது: ஒழுங்காக இருந்தால் நோய் திரும்பாது, திரும்பினால் நீ ஒழுங்காக இல்லை. இது அறிவியலும் அன்று, நீதியும் அன்று. மேலே கண்ட எண்களையே பாருங்கள். மூன்று ஆண்டுகள் பயிற்சி செய்தவர்களிலும் ஐந்தில் ஒருவர் நோயின்றி இருக்கவில்லை. கொழுப்பைக் குறைத்தவர்களிலும் பத்தில் ஒருவருக்கு நோய் திரும்பியது. பழக்கங்கள் வாய்ப்பைச் சற்றுச் சாய்க்கின்றன, உறுதி கொடுப்பதில்லை. நோய் திரும்பிய பெண்ணிடம் "என்ன சாப்பிட்டாய்?" என்று கேட்பது, புயலில் கூரை இழந்தவரிடம் "ஏன் வீடு கட்டினாய்?" என்று கேட்பதற்குச் சமம்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டில் அப்படி ஓர் அம்மாவோ அத்தையோ சித்தியோ இருந்தால், புதிய அறிவுரை எதையும் கொண்டுபோக வேண்டாம். மாத்திரை தீர்வதற்கு முன் வாங்கி வந்து கொடுங்கள். மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டு வரலாம்" என்று கூப்பிடுங்கள். அவர் நடந்து திரும்பும்வரை இரவுச் சமையலை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். 2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். கைப் பயிற்சி கற்பிக்க இந்தப் பெண்களையும் அவர்கள் தேடி வரச் செய்யும்படி நாம் கேட்கலாம். சோதனைகளில் வென்றது வெறும் காகிதம் அன்று. கூட நடந்த ஒரு மனிதர். அந்த மனிதர் நீங்களாக இருக்கலாம்.